பனிச்சறுக்கு வீக்எண்ட்: 8 பேர், 2 இரவு, ஒரே கிச்சன்... சாப்பாட்டுக்கு எப்படி பிளான் போடுவது?

வெள்ளிக்கிழமை இரவு 10 மணி. வெளியே விடாமல் பனி கொட்டுகிறது. ஆறு மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்த எட்டு பேர் மர வீட்டின் கதவைத் திறந்து உள்ளே நுழைகிறார்கள். குழந்தை பசியில் அழுகிறது. அப்போது ஒருவர் கேட்கிறார்: "ஆமா, நைட்டுக்கு என்ன சாப்பாடு?"

யாரிடமும் பதில் இல்லை. அக்கம்பக்கத்தில் ஓட்டல் இல்லை. இருக்கிற ஒன்றிரண்டும் 9 மணிக்கே மூடியாச்சு.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் குளிர்கால வார இறுதிகளில் இது சகஜமான காட்சி. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா பகுதியில் வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கானோர், ஐடி துறையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் உட்பட, பனிச்சறுக்குக்காகக் கிளம்பும் இடம் தாஹோ ஏரி. நாலைந்து பேர் சேர்ந்து மலையில் ஒரு மர வீட்டை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுப்பார்கள். ஸ்கீ, பூட்ஸ், ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவார்கள். சாப்பாட்டை மட்டும் 'அங்கே போய்ப் பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுவார்கள்.

அந்த 'பாத்துக்கலாம்' ஏன் ஆபத்து? குறைந்த வேலையில், எல்லோரும் பனியில் விளையாடும்படி, பாதுகாப்பாக எப்படிச் சமைப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

தாஹோவில் அப்படி என்ன சிக்கல்?

கலிஃபோர்னியா, நெவாடா இரண்டு மாநிலங்களின் எல்லையில், சியரா நெவாடா மலைத்தொடரில் இருக்கிறது தாஹோ ஏரி. ஏரியின் நீர்மட்டமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,225 அடி உயரம், அதாவது ஏறக்குறைய 1,900 மீட்டர். சுற்றிலும் பனிச்சறுக்கு மையங்கள். 1960-ல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த பாலிசேட்ஸ் தாஹோ இங்கேதான் இருக்கிறது.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். சாதாரண நாளில் மூன்றரை, நான்கு மணி நேரப் பயணம். பனி பெய்யும் வெள்ளிக்கிழமை மாலையில் அது இரண்டு மடங்காகலாம். சில நேரம் பாதையே மூடப்படும்.

இந்த மலைக்குச் சாப்பாடு தொடர்பாக ஒரு சோக வரலாறும் உண்டு. 1846-ல் கலிஃபோர்னியாவில் குடியேறக் கிளம்பிய 87 பேர் கொண்ட டானர் குழு, இங்கே பனியில் மாதக்கணக்கில் சிக்கிக்கொண்டது. உணவு தீர்ந்துபோய், பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் மட்டுமே உயிர் பிழைத்தார்கள். அவர்கள் பெயரில்தான் இன்று டானர் கணவாய் என்கிறார்கள். இப்போது அந்த வழியாகவே இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலை போகிறது. பனியை அள்ளும் வண்டிகள் உண்டு, வானிலை எச்சரிக்கை உண்டு. ஆனாலும் 2024 மார்ச் தொடக்கத்தில் வீசிய பனிப்புயலில் இதே நெடுஞ்சாலை நாள்கணக்கில் மூடிக் கிடந்தது.

ஆக, இங்கே சாப்பாட்டுத் திட்டத்தைச் சொகுசு என்று ஒதுக்க முடியாது. பாதுகாப்பில் அதுவும் ஒரு பங்கு.

முதலில் கணக்கு: மொத்தம் எத்தனை தட்டு?

வெள்ளி இரவு, சனி காலை, சனி மதியம், சனி இரவு, ஞாயிறு காலை, ஞாயிறு மதியம். ஆக ஆறு வேளை. எட்டு பேர் என்றால் 48 தட்டு. கூடவே சாயங்கால நொறுக்குத்தீனி, காபி, டீ.

48 தட்டையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் என்ன ஆகும்? எல்லோரும் மலையில் சறுக்கிக்கொண்டிருக்க, ஒருத்தர் மட்டும் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். லிஃப்ட் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, இரண்டு நாளும் அடுப்படியில் நின்று திரும்புகிற கதை பல குழுக்களில் நடக்கிறது.

இதற்கு எளிய வழி: 'ஒரு வேளைக்கு ஒரு பொறுப்பாளி'. ஒரு குடும்பம் அல்லது ஒரு ஜோடி, ஒரு வேளைச் சாப்பாட்டை முழுதாக எடுத்துக்கொள்ளும். மெனு, பொருள் வாங்குவது, சமைப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்த வேளையில் சமைக்காதவர்கள் பாத்திரம் கழுவ வேண்டும். சமைத்தவர் கழுவக் கூடாது. இதைக் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் எழுத்தில் போட்டுவிட்டால் அங்கே போய் மனஸ்தாபம் வராது.

அதே குழுவில் இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். யார் சைவம்? யார் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி தொட மாட்டார்கள்? யாருக்கு நிலக்கடலை, பால், கோதுமை ஒத்துக்கொள்ளாது? நிலக்கடலை அலர்ஜி உள்ள ஒருவருக்கு மலையில் மூச்சுத்திணறல் வந்தால், ஆம்புலன்ஸ் பனிச்சாலையைத் தாண்டி வர வேண்டும். அலர்ஜிக்கு மருத்துவர் தந்த ஊசி மருந்து இருந்தால் கண்டிப்பாகக் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

எந்த வேளைக்கு எது சரிப்படும்?

வெள்ளி இரவு: சமைக்கவே கூடாத வேளை இது. வீட்டில் செய்து உறைய வைத்த சூப், பாஸ்தா, குருமா என எதுவானாலும் சுடவைத்தால் சாப்பிடலாம் என்கிற மாதிரி இருக்க வேண்டும். தமிழ் வீடுகளுக்கு இது புதிதல்ல. ரயில் பயணத்துக்குக் கட்டிய புளியோதரை, எலுமிச்சை சாதம் எல்லாம் இதே யோசனைதான். கார் பாதி வழியில் நின்றுவிட்டாலும், ஆறின புளிசாதத்தை அப்படியே சாப்பிடலாம். லசாஞ்சாவை அப்படிச் சாப்பிட முடியாது.

சனி காலை: பெரும்பாலான மையங்களில் லிஃப்ட் எட்டரை, ஒன்பது மணிக்கு இயங்கத் தொடங்கும். பார்க்கிங் அதற்கு முன்பே நிரம்பிவிடும். எட்டு பேருக்கு நின்று தோசை ஊற்றினால் பாதிப் பேர் மதியம்தான் மலைக்குப் போவார்கள். முந்தின இரவே பாலில் ஊறவைத்த ஓட்ஸ், வேகவைத்த முட்டை, பிரெட், பழம் போதும். எல்லாவற்றையும் மேஜையில் வைத்துவிட்டால் எழுந்தவர் எழுந்த நேரத்துக்குச் சாப்பிட்டுக் கிளம்பலாம்.

சனி மதியம்: சறுக்கு மையத்துக்குள் சாப்பாட்டு விலை எகிறும், வரிசையும் நீளும். காலையிலேயே உருளைக்கிழங்கு மசாலா வைத்த சப்பாத்தி ரோல், சாண்ட்விச் ஏதாவது ஒன்றை ஃபாயிலில் சுற்றி ஜாக்கெட் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம். உடம்புச் சூட்டில் அது உறையாது. சாக்லேட், கடலை மிட்டாய், உலர் திராட்சை கூட இருந்தால் நல்லது. குளிரில் தாகம் தெரியாது. ஆனால் உயரமான, வறண்ட காற்றில் உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

சனி மாலை 4 மணி: லிஃப்ட் நிற்கிற நேரம். எல்லோரும் ஈரத்தோடு, குளிரோடு, கொலைப் பசியோடு வீடு திரும்புவார்கள். பலரும் மறந்துவிடுகிற வேளை இதுதான். தக்காளி ரசமோ சூப்போ ஒரு கிளாஸ் சூடாகக் கொடுத்தால் இரவுச் சாப்பாடு வரை தாங்கும்.

சனி இரவு: வார இறுதியின் பெரிய சாப்பாடு. அமெரிக்காவில் இதற்குப் பேர் போனது 'சில்லி'. பீன்ஸ், தக்காளி, மசாலா சேர்த்து ஒரே பானையில் மணிக்கணக்கில் கொதிக்கவிடும் கெட்டிக் குழம்பு. சோறு, பிரெட், சிப்ஸ் எதோடும் ஒத்துப்போகும். இதைப் பற்றிக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

ஞாயிறு காலை: மிச்சம் தீர்க்கும் நாள். மீந்த காய்கறி, சீஸ், பிரெட் எல்லாவற்றையும் அடித்த முட்டையில் கலந்து அவனில் ஒரே தட்டாக வேகவைத்துவிடலாம். வாடகை வீட்டைக் காலையிலேயே காலி செய்ய வேண்டியிருக்கும். பாத்திரம் குறைவாகப் புழங்கும் மெனுதான் புத்திசாலித்தனம்.

ஞாயிறு மதியம்: திரும்பும் வழியில் காரிலேயே சாப்பிடும்படி சாண்ட்விச். ஊருக்குத் திரும்பும் கூட்டம் எல்லாம் அதே சாலையில்தான் வரும்.

8 பேருக்கு சில்லி: அளவு என்ன?

சைவம், அசைவம் இரண்டு பேரும் இருக்கிற குழுவுக்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. அடிப்படைக் குழம்பைச் சைவமாகவே செய்து, இறைச்சியைத் தனிக் கடாயில் வதக்கி வைப்பது. வேண்டியவர்கள் மேலே போட்டுக்கொள்ளட்டும்.

- டின் பீன்ஸ் (சிவப்பு அல்லது கறுப்பு): 425 கிராம் டின் 6
- டின் தக்காளி: 800 கிராம் டின் 2
- பெரிய வெங்காயம் 3, குடைமிளகாய் 2, பூண்டு 6 பல்
- சீரகத்தூள் 2 டேபிள் ஸ்பூன், மிளகாய்த்தூள், உப்பு
- அசைவம் சாப்பிடும் 5 பேருக்குக் கொத்திய கோழி அல்லது வான்கோழி இறைச்சி: 700 கிராம்
- கூடச் சாப்பிட அரிசி: 700 கிராம்
- மேலே தூவ: சீஸ், தயிர், கொத்தமல்லி, எலுமிச்சை

வெங்காயம், பூண்டு, குடைமிளகாயை எண்ணெயில் வதக்கி, மசாலா போட்டுப் பிரட்டி, தக்காளி, பீன்ஸ், ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து ஸ்லோ குக்கரில் வைத்தால் வேலை முடிந்தது. காலை 8 மணிக்கு வைத்துவிட்டுப் போனால், மாலை திரும்பும்போது கதவைத் திறந்ததும் வாசனை வரவேற்கும். கொத்துக்கறியை மட்டும் மாலையில் நன்றாக வேகும்வரை வதக்கிக்கொள்ளலாம். கோழி, வான்கோழி இறைச்சிக்கு உள்வெப்பம் 74 டிகிரி செல்சியஸ் வந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். அமெரிக்கக் கடைகளில் 'சில்லி பவுடர்' என்று விற்பது வெறும் மிளகாய்த்தூள் அல்ல. சீரகம், ஆரிகனோ, பூண்டுப்பொடி எல்லாம் கலந்த, காரம் குறைந்த மசாலா. இணையத்தில் இருக்கும் செய்முறையில் 'மூன்று டேபிள் ஸ்பூன் சில்லி பவுடர்' என்று பார்த்துவிட்டு நம்மூர் மிளகாய்த்தூளை அதே அளவுக்குப் போட்டால், எட்டு பேரும் பனியை அள்ளித் தின்ன வேண்டியதுதான். நம் மிளகாய்த்தூள் என்றால் இரண்டு டீஸ்பூனில் தொடங்கலாம். காரம் போதவில்லை என்றால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

டின் பீன்ஸ்தான் வேண்டுமா? காய்ந்த ராஜ்மா போடக்கூடாதா?

இது முக்கியமான கேள்வி. காய்ந்த ராஜ்மாவை ஸ்லோ குக்கரில் நேரடியாகப் போடக் கூடாது.

ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த இயற்கை நச்சு ஒன்று இருக்கிறது. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் பருப்பு மெத்தென்று ஆனாலும் நச்சு போகாமல் இருக்கலாம். அரைகுறையாக வெந்த ராஜ்மாவைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எட்டு பேருக்கும் ஒரே இரவில், ஒன்றிரண்டு கழிவறை உள்ள வீட்டில் அது வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காய்ந்த ராஜ்மாதான் வேண்டும் என்றால், குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். பிறகுதான் ஸ்லோ குக்கர். பிரஷர் குக்கரில் முழுதாக வேகவைத்தால் கவலையில்லை. டின் பீன்ஸ் ஏற்கெனவே வெந்தது என்பதால் இந்தத் தொல்லையே கிடையாது.

'பருப்பு வேகவே மாட்டேங்குது!' காரணம் என்ன?

மலை வீட்டில் முதல்முறை சமைப்பவர்கள் அடிக்கடி சொல்கிற புகார் இது. அடுப்பில் கோளாறு இல்லை. எல்லாம் உயரத்தின் வேலை.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். தோராயமாக ஒவ்வொரு 300 மீட்டருக்கும் கொதிநிலை 1 டிகிரி இறங்கும். சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், தாஹோவில் சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும். பார்க்கத் தளதளவென்று கொதிக்கும், ஆனால் சூடு குறைவு. அதனால் பருப்பு, அரிசி, உருளைக்கிழங்கு, பாஸ்தா எல்லாம் வேக அதிக நேரம் பிடிக்கும். தீயைக் கூட்டிப் பயனில்லை. தண்ணீர்தான் வேகமாக வற்றும்.

தீர்வு நம் வீட்டுச் சமாச்சாரம்தான், பிரஷர் குக்கர். அது உள்ளே அழுத்தத்தைக் கூட்டி, கொதிநிலையை 100-க்கு மேலே கொண்டுபோய்விடும். இன்ஸ்டன்ட் பாட் போன்ற மின்சார குக்கரில், 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சமையல் நேரத்தில் 5 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. தாஹோவுக்கு அது சுமார் 20 சதவீதம். ஊரில் 10 நிமிடம் என்றால் அங்கே 12 நிமிடம்.

இட்லி மாவு கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: மூடி இறுக்கிய டப்பாவில் விளிம்பு வரை மாவை நிரப்பக் கூடாது. மேலே ஏறும்போது சிப்ஸ் பாக்கெட்டே பலூன் மாதிரி உப்பும். புளித்து வாயு கிளம்பும் மாவு என்றால் டிக்கி முழுக்க இட்லிதான். பாதி டப்பா மாவு, பாதி காலியிடம் என்று விட்டால் நல்லது.

கூலர் பாக்ஸ்: எப்படி அடுக்குவது?

கடைசி நிமிடத்தில் மலையில் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். வார இறுதியில் மலைக் கடைகளில் கூட்டம் அலைமோதும். மளிகை, காய்கறி எல்லாவற்றையும் வீட்டிலேயே, முடியாவிட்டால் மலையேறும் முன் சாக்ரமென்டோ பக்கமே முடித்துவிடலாம்.

வெங்காயம் நறுக்குவது, மசாலாப் பொடிகளை அளந்து பொட்டலம் கட்டுவது, சப்பாத்தி போடுவது எல்லாம் வியாழக்கிழமையே முடிந்துவிட வேண்டும். மலை வீட்டுக் கத்தி பெரும்பாலும் மொன்னையாகத்தான் இருக்கும்.

வெள்ளி இரவுச் சூப்பைத் தட்டையாக ஜிப் லாக் பையில் ஊற்றி உறைய வைத்தால், கூலருக்குள் அதுவே ஐஸ் கட்டி வேலையும் பார்க்கும். பச்சை இறைச்சியைத் தனிப் பையில் இறுக்கி அடியில் வைக்க வேண்டும். மேலே வைத்தால் அதன் நீர் பழத்தில் சொட்டும்.

கெட்டுப்போகும் உணவுக்கு 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை ஆபத்து மண்டலம். கிருமிகள் வேகமாகப் பெருகுவது இந்த வெப்பத்தில்தான். சமைத்த உணவு மேஜையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சோறும் அப்படித்தான். மீந்ததைப் பெரிய பானையோடு ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும். ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து வைக்க வேண்டும்.

ஸ்லோ குக்கரில் செய்யக்கூடாத இன்னும் இரண்டு: உறைந்த இறைச்சியை அப்படியே போடுவது, மீந்த குழம்பை அதில் சுடவைப்பது. இரண்டிலும் உணவு அந்த ஆபத்து மண்டலத்தில் நீண்ட நேரம் கிடக்கும். சுடவைப்பது அடுப்பில் இருக்கட்டும்.

சாலை மூடினால்? கரன்ட் போனால்?

இரண்டு நாள் பயணத்துக்கு மூன்றரை நாள் சாப்பாடு. இதுதான் பாதுகாப்பான கணக்கு. கூடுதலாகப் பெரிய செலவு வேண்டாம். அரிசி 2 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, நூடுல்ஸ் பாக்கெட், டின் உணவு, ஊறுகாய், பால்பவுடர் போதும். பயன்படாவிட்டால் வீட்டுக்குத் திரும்பி வரும், கெட்டுப்போகாது. கைக்குழந்தை இருந்தால் அதன் உணவும், தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களின் மருந்தும் இதே கணக்கில் இருக்க வேண்டும்.

காருக்குள்ளும் ஒரு பை தேவை: தண்ணீர், பிஸ்கட், பழம், போர்வை. பனி அதிகமாகும்போது நெடுஞ்சாலைத் துறை டயர்ச் சங்கிலிக் கட்டுப்பாடுகளை அறிவிக்கும். ஆர்-1, ஆர்-2 நிலைகளில் சில வாகனங்களுக்கு விலக்கு உண்டு. ஆர்-3 என்றால் எல்லா வண்டிக்கும் சங்கிலி கட்டாயம். நிலைமை மோசமானால் சாலையே மூடப்படும். அப்போது அந்தப் பைதான் இரவுச் சாப்பாடு.

பனிப்புயலில் மின்சாரம் போவதும் நடக்கும். திறக்காமல் வைத்திருந்தால் ஃபிரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியைத் தாங்கும். நிரம்பிய ஃபிரீசர் 48 மணி நேரம், பாதி நிரம்பியது 24 மணி நேரம்.

'வெளியேதான் இவ்வளவு பனி இருக்கே, அதுலயே புதைச்சு வெச்சிடலாமே?' என்று தோன்றும். வேண்டாம். வெயில் பட்டால் உறைகுளிரிலும் பொட்டலம் சூடாகும், விலங்குகளும் வரும். அதைவிட, வாளித் தண்ணீரை வெளியே வைத்து ஐஸ் ஆக்கி, அதைக் கூலருக்குள் வைப்பது பாதுகாப்பு.

எல்லோரும் மலையில் இருக்கும்போது கரன்ட் போய் வந்திருந்தால்? எவ்வளவு நேரம் போனது என்று தெரியாத நிலையில், ஸ்லோ குக்கரில் இருக்கும் உணவு பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிவிடுவதே நல்லது. மனசு கேட்காதுதான். அதற்குத்தான் அந்த அரிசியும் பருப்பும்.

கரடி வருமா?

வரும். தாஹோ சுற்றுவட்டாரத்தில் கருங்கரடிகள் அதிகம். சாப்பாட்டு வாசனை வந்தால் கார்க் கதவையே திறந்து உள்ளே போகும் அளவுக்குத் தேறியவை. குளிர்காலத்தில் எல்லாக் கரடிகளும் தூங்கிக்கொண்டிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. 2022-ல் 'ஹாங்க் த டாங்க்' என்று பெயர் வைக்கப்பட்ட பெரிய கரடி ஒன்று, இங்கே வீடு வீடாகப் புகுந்ததாக உலகம் முழுக்கச் செய்தியானது. பிறகு மரபணுச் சோதனையில் ஒன்றுக்கு மேற்பட்ட கரடிகள் அந்த வேலையைச் செய்தது தெரிந்தது.

ஆகவே இரவில் காரில் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட இருக்கக் கூடாது. குப்பையை வாசலில் வைக்கக் கூடாது. கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டி வீட்டு வாசலில் இருந்தால் அதில் போட்டுத் தாழிட வேண்டும். கூலர் பாக்ஸ் பால்கனியில் அல்ல, வீட்டுக்குள்ளே.

உயிருக்கே ஆபத்தான தவறு எது?

கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவது. வெளியே குளிராக இருக்கிறது, கிரில் செய்ய முடியவில்லை என்று கரியடுப்பை உள்ளேயோ, கராஜிலோ பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சூழும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, மயக்கம், குமட்டல்தான் அறிகுறி. தூக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைக்காது. கேம்பிங் ஸ்டவ், ஜெனரேட்டர் எதுவும் வீட்டுக்குள் கூடாது. குளிர் காய்வதற்காக கேஸ் அவனைத் திறந்துவைப்பதும் கூடாது.

கனத்த பனிக்குப் பிறகு, ஹீட்டரின் புகைபோக்கிக் குழாய் வெளியே பனியில் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது அடைத்தாலும் இதே வாயு உள்ளே திரும்பும். வீட்டுக்குள் நுழைந்ததும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று முதலில் அழுத்திப் பார்ப்பது நல்ல பழக்கம்.

தாளிக்கும் புகைக்கு ஸ்மோக் அலாரம் அலறும் என்று சிலர் பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். மர வீட்டில் அதைச் செய்யவே கூடாது. புகை போக்கும் விசிறியைப் போட்டு, ஜன்னலைத் திறந்து தாளிக்கலாம். இல்லையென்றால் தாளிப்பை வீட்டிலேயே முடித்துக் கொண்டுவரலாம். பஜ்ஜி, பூரி ஆசையை ஊர் திரும்பும் வரை தள்ளிப்போடலாம். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடி போட்டு அடுப்பை அணைக்க வேண்டும்.

செலவை எப்படிப் பிரிப்பது?

ஒரு வேளைக்கு ஒரு பொறுப்பாளி என்றால், அந்த வேளையின் பில்லை அவரே ஸ்ப்ளிட்வைஸ் மாதிரியான செயலியில் போட்டுவிடலாம். பால், காபி, எண்ணெய், உப்பு, டிஷ்யூ, பாத்திரச் சோப்பு போன்ற பொதுப் பொருட்கள் தனிக் கணக்கு. மது வாங்குவது குடிப்பவர்கள் கணக்கில் மட்டும் இருக்கட்டும். குடிக்காதவர் தலையில் அதைக் கட்டுவதில்தான் பல நட்புகளில் முதல் கீறல் விழுகிறது.

கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்க்க

- யார் எந்த வேளைக்குப் பொறுப்பு? எழுத்தில் இருக்கிறதா?
- அலர்ஜி, சைவம், மருந்து விவரம் கேட்டாச்சா?
- வெள்ளி இரவுச் சாப்பாடு சமைக்காமலே சாப்பிடும்படி இருக்கிறதா?
- வீட்டில் ஸ்லோ குக்கர், பெரிய பானை, டின் திறப்பான் இருக்கிறதா? உரிமையாளரிடம் கேட்டாச்சா?
- பிரஷர் குக்கர், நல்ல கத்தி, தீப்பெட்டி, டார்ச் எடுத்தாச்சா?
- ஒன்றரை நாள் கூடுதல் உணவும், காருக்குள் தனிப் பையும் தயாரா?
- சாலை நிலவரமும் வானிலையும் பார்த்தாச்சா?

இவ்வளவு வேலையா என்று மலைக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அரை மணி நேரம், வியாழன் மாலை இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். அதன் பலன் சனிக்கிழமை மாலை தெரியும். எட்டு பேரும் சேர்ந்தே மலைக்குப் போய், சேர்ந்தே திரும்பி, சேர்ந்தே சாப்பிட உட்கார்வார்கள். அடுப்படியில் யாரும் தனியாக நின்றுகொண்டிருக்க மாட்டார்கள்.